அச்சு சிலிகான் டப்பாவில் சொல்லாமல் விட்டவை: ஒரு புகார்

அனுப்புநர்:
நகை வார்ப்புப் பட்டறை உரிமையாளர்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
அச்சு சிலிகான் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: லேபிளில் தவறான உறுதிமொழி, தேவையான எச்சரிக்கை இல்லாதது, அதனால் வீணான மாதிரிக்கு இழப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நுண்வேலை நகைகளுக்கு அச்சு எடுக்க உங்கள் ஊற்று சிலிகானை வாங்கினேன். டப்பாவின் மேல் "மெழுகு, ரெசின், களிமண், உலோகம் என எந்த மாதிரிக்கும் ஏற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பியதில் ஒரு பதக்கத்தின் மாதிரி பாழாகிவிட்டது. தொலைபேசியில் சொன்னபோது சரியான பதில் வரவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

மாதிரி, 3டி பிரிண்டரில் ரெசினில் எடுத்தது. விளிம்பைச் சுற்றி அரை மில்லிமீட்டர் அரும்புகள், நடுவில் கம்பி வேலை. பிரிண்ட் ஆனதும் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து இறுக்கி, நன்றாக உலரவிட்ட பிறகே ஊற்றினேன். சிலிகானைத் தராசில் எடைபோட்டு நீங்கள் சொன்ன விகிதத்தில் கலந்தேன், வாக்குவத்தில் வைத்துக் காற்றையும் எடுத்தேன். மறுநாள் பிரித்துப் பார்த்தால் அச்சின் வெளிப்பக்கம் நல்ல ரப்பராக இறுகியிருக்கிறது, மாதிரியைத் தொட்டிருந்த பக்கம் மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது. அரும்புகளுக்கு நடுவே அப்பியிருந்ததை மெல்லிய குச்சியால் எடுக்கும்போதே கம்பி வேலையில் பாதி முறிந்துபோனது.

உங்கள் ஊழியர் உடனே சொன்னது, "கலவை விகிதம் தவறியிருக்கும்" என்பது. அது சரியல்ல. அதே கலவையில் மிஞ்சியதைப் பிளாஸ்டிக் கோப்பையிலேயே விட்டிருந்தேன். அது அடிவரை சீராக இறுகி, ஒட்டாமல் கழன்று வந்தது. விகிதம் தவறியிருந்தால் கோப்பையிலும் அல்லவா இறுகாமல் இருந்திருக்க வேண்டும்? மாதிரியைத் தொட்ட இடத்தில் மட்டும் ஈரம் நின்றால், மாதிரியிலிருந்து வந்த ஏதோ ஒன்று இறுகலைத் தடுத்திருக்கிறது என்றுதான் பொருள்.

நீங்கள் விற்பது பிளாட்டினம் வகை சிலிகான், அதாவது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. அந்த வகை இறுகுவதைக் கந்தகம், வெள்ளீயச் சேர்மங்கள், அமீன்கள் எல்லாம் தடுக்கும். பல பிரிண்டர் ரெசின்களும் தடுக்கும். கழுவி இறுக்கிய பிறகும் உள்ளே மிச்சமிருப்பது கசிந்து வரலாம். கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணுக்கும் இதே கதிதான். சிலிகான் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இது பாலபாடம். அப்படியிருக்க, தடுக்கக்கூடிய இரண்டு பொருள்களையும் "ஏற்றது" என்ற பட்டியலிலேயே எப்படிச் சேர்த்தீர்கள்? பிளாட்டினம் வகை என்பதுகூட டப்பாவில் எங்கும் இல்லை. உங்கள் ஊழியரிடம் இரண்டு முறை அழுத்திக் கேட்ட பிறகே சொன்னார்.

பெட்டிக்குள் நீங்கள் வைத்து அனுப்பும் கையுறையும் லேடெக்ஸ்தான். லேடெக்ஸ் பட்டாலும் இந்தச் சிலிகான் இறுகாமல் போகலாம். நான் எப்போதும் நைட்ரைல் கையுறைதான் போடுகிறேன், அதனால் இந்த முறை அது காரணமில்லை. ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வருபவர் பெட்டியில் இருப்பதைத்தானே போட்டுக்கொள்வார்?

மாதிரியின் மேல் அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஊற்றுமாறும் யோசனை சொன்னார்கள். பெரிய சிலைக்கு அது சரி. நகையில் அந்தப் பூச்சு அரும்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் போய்த் தங்கி, கூர்மையை மழுங்கடித்துவிடும். அச்சில் மெழுகைச் செலுத்தி எடுத்து, அந்த மெழுகை வைத்துத்தான் வெள்ளியில் வார்க்கிறோம். அச்சில் விழாத கோடு மெழுகில் விழாது, மெழுகில் இல்லாதது வெள்ளியிலும் வராது. நுணுக்கத்துக்காகத்தான் இந்தச் சிலிகானையே வாங்கினோம்.

அப்புறம் மாற்றாக உங்களுடைய இன்னொரு சிலிகானை அனுப்பினீர்கள். அது டின் வகை, அதாவது வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது. ரெசின் மேலும் நன்றாகவே இறுகியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வகை இறுகும்போது ஆல்கஹால் உண்டாகி மெல்ல வெளியேறும், அதனால் அச்சு நாளாக ஆகச் சுருங்கும். பிளாட்டினம் வகையின் சுருக்கம் பொதுவாக 0.1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். டின் வகையில் அரை சதவீதம்வரை போகலாம், அதற்கு மேலும் போவதுண்டு. இரண்டு பாதியாக வார்த்து இணைக்கும் காப்பு ஒன்றுக்கு அதில் அச்சு எடுத்தேன். ஒரு பாதியின் அச்சு முன்பே எடுத்தது, மற்றது புதிது. இணைத்தபோது பொருத்தத்தில் படி விழுந்தது. 60 மில்லிமீட்டர் விட்டத்தில் அரை சதவீதம் என்றால் 0.3 மில்லிமீட்டர். கையால் தடவினாலே தெரிகிற அளவு அது.

மெழுகும் ஆறும்போது சுருங்கும், உலோகமும் உறையும்போது சுருங்கும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் மாதிரியையே சற்றுப் பெரிதாகச் செய்கிறோம். அச்சின் சுருக்கம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் மொத்தக் கணக்கும் குலைந்துவிடும். ஷோர் கடினமும், அதாவது இறுகிய ரப்பர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்ணும், அப்படித்தான். அச்சு ரொம்ப மென்மையாக இருந்தால் மெழுகு செலுத்தும் அழுத்தத்தில் உப்பி, இணைப்புக் கோட்டில் பிசிறு வரும். ரொம்பக் கடினமாக இருந்தால் மெல்லிய மெழுகுக் கம்பி வெளியே எடுக்கும்போதே ஒடியும். உங்கள் டப்பாவில் "மென்மையானது" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

சூடுபடுத்தி இறுக்கும் இயற்கை ரப்பருக்குப் போகலாமே என்று கேட்கலாம். அதற்கு ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூடும் பிரஸ்ஸின் அழுத்தமும் வேண்டும். உலோக மாதிரி தாங்கும். மெழுகும் சாதாரண பிரிண்டர் ரெசினும் தாங்காது. எங்களைப் போன்றவர்கள் அறை வெப்பத்தில் இறுகும் சிலிகானைத் தேடி வருவது அதனால்தான்.

எனவே, இரண்டு சிலிகானுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும், முறிந்த மாதிரியை மறுபடி பிரிண்ட் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். "எந்த மாதிரிக்கும் ஏற்றது" என்ற வரியை உடனே நீக்குங்கள். எந்த வகை, எவ்வளவு சுருங்கும், ஷோர் எண் என்ன, எவற்றின் மேல் இறுகாது என்பவற்றை டப்பாவிலேயே அச்சிடுங்கள். இரண்டு வகைக்கும் ஒரே வெள்ளை டப்பா, ஒரே நீல மூடி வைத்திருப்பதையும் மாற்றுங்கள். டின் வகை கலந்த கோப்பையிலோ பிரஷ்ஷிலோ ஒட்டியிருக்கும் மிச்சமே பிளாட்டினம் வகையைக் கெடுக்கப் போதும். பட்டறையில் வேலை மும்முரத்தில் டப்பாவின் எண்ணைப் பார்த்துப் பிரித்தறிய நேரம் இருக்காது. கையுறையையும் நைட்ரைலாக மாற்றுங்கள்.

பிசுபிசுத்த அச்சையும், கோப்பையில் நன்றாக இறுகிய துண்டையும், முறிந்த மாதிரியையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் சோதிக்க விரும்பினால் அனுப்புகிறேன். அனுப்பும் செலவு உங்களுடையது. பதிலை எழுத்தில் தாருங்கள். கலவை விகிதத்தைப் பற்றி மட்டும் பேசும் பதிலை ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
நகை வார்ப்புப் பட்டறை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல்கள், டப்பா லேபிளின் படம், அச்சின் இரு பக்கப் படங்கள்