பின்சைட் ஆடிய கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குப் பாதிக் காரணம் வழக்கமான சோம்பல். மீதி, என் பழைய ஏர்கன். சிரிக்காமல் படி.

வலது கண்ணில் புரை எடுத்த பிறகு என் குறி கெட்டுப்போனது என்று போன முறை புலம்பியிருந்தேன் அல்லவா? பத்து மீட்டரில் அட்டையை மாட்டிச் சுட்டால், ஒரு குண்டு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். கண் மருத்துவரிடம் இரண்டு முறை போய் அவர் பொறுமையைச் சோதித்தேன். பார்வை சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். துளைகள் எல்லாம் பக்கவாட்டில்தான் சிதறியிருந்தன. மேலும் கீழும் வித்தியாசமே இல்லை. கண் மங்கினால் இப்படி ஒரே திசையில் மட்டுமா மங்கும்? குறி பார்க்கக் குழலின் பின்பக்கம் இருக்கும் பின்சைட்டைக் கட்டைவிரலால் அசைத்தேன். 'டிக்' என்று சத்தம். பல் டாக்டர் பார்த்திருந்தால் உடனே பிடுங்கியிருப்பார்!

ஆட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார். முன்சைட், பின்சைட் இரண்டுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் பத்து மீட்டரில் குண்டு 11 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பந்தய அட்டையில் வளையத்துக்கு வளையம் இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆக நான்கு வளையம் காலி. பாவம், அந்த மருத்துவர்.

என்னுடையது போன்ற ஸ்பிரிங் துப்பாக்கி இப்படித் திருகுகளைத் தளர்த்துவதில் ஆச்சரியம் இல்லை. ஸ்பிரிங் தள்ளி உள்ளே பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது; பிஸ்டன் போய் முட்டியதும் முன்னே குதிக்கிறது. நம் என்.சி.சி. பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒரே பக்கம்தான் உதைக்கும், அதுவும் லேசாக.

குழலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு வேலையில் இறங்கினேன். எனக்கு முன் வைத்திருந்த புண்ணியவான் திருகைக் கத்தியால் முடுக்கியிருப்பார் போலும். தலைப் பள்ளம் சிதைந்திருந்தது. என்.சி.சி.யில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்த ஆர்மரர் ஹவில்தார், பொருந்தாத திருப்புளியைத் தொட்டதற்காக உன் விரலில் தட்டியது ஞாபகம் வந்தது. பழைய திருப்புளி ஒன்றின் முனையைப் பள்ளத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும்வரை அரத்தால் ராவினேன். அரை மணி நேரம் அதற்கே போனது. மொத்த வேலையில் உருப்படியாகச் செய்தது அதுதான்.

இரண்டு திருகுகளையும் கழற்றினால், மரையெல்லாம் எண்ணெய். நானே மாதாமாதம் பக்தியோடு விட்ட எண்ணெய்! ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, திருகு தளராமல் இருக்க மரைக்குப் போடும் நீல நிறப் பசையை ஒரே ஒரு சொட்டு வைத்து முடுக்கினேன். சிவப்பை வாங்கிவிடாதே, பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்திருந்தேன். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம்.

மறுநாள் மணல் மூட்டைக்கு முன்னால் அட்டையை மாட்டி ஐந்து குண்டு. ஒரு ரூபாய் நாணயம் மறைக்கும் அளவுக்குள் ஐந்தும் விழுந்தன. ஆனால் மையத்துக்கு இடப்பக்கம். குண்டு போகவேண்டிய பக்கமே பின்சைட்டைத் தள்ளவேண்டும் என்பதை மறந்து இடப்பக்கம் திருப்பி, இன்னும் ஓரத்துக்கு அனுப்பினேன். பேரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் காட்டிக்கொடுக்காதே.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தை பிறந்ததும் வா. வரும்போது கோவையில் தட்டை முனைக் குண்டு கிடைத்தால் இரண்டு டப்பா வாங்கி வா. இங்கே கூர்முனைதான் கிடைக்கிறது. அது அட்டையைக் கிழிக்கிறதே தவிர, ஒழுங்காக வட்டத் துளை போடுவதில்லை.

அன்புடன்,
ராமு