மந்து என்னும் யானைக்கால் நோய் காலில் மட்டும் வருவதில்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் பெரியப்பா தென்னை ஏறிக் கள் இறக்கியவர். கடைசிப் பதினோரு வருடம், லுங்கிக்கு உள்ளே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மரம் ஏறினார். விதைப்பை தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "மரம் ஏறுனா அண்டம் இறங்கத்தான் செய்யும்" என்று சொல்லி அவர் வாயையும் அடைத்துவிட்டார். ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். சில மாதத்தில் மறுபடி நிறைந்துவிட்டது. ஏன் வருகிறது என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொன்னார்: இது யானைக்கால் புழு. உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்று பெயர். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே போகிறது. நூல் போன்ற அந்தப் புழுக்கள் விதைக்கு மேலுள்ள நிணநீர்க் குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருக்கும். அங்கே அடைப்பும் சிதைவும் ஏற்பட்டு நீர் கோத்துக்கொள்கிறது. ஆலப்புழை மாவட்டத்தில் சேர்த்தலைப் பக்கத்தில் பேர்போன மந்து வேறு. அது புருகியா மலாயி என்ற புழுவால் வருவது, பெரும்பாலும் காலோடு நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, மந்து என்றாலே நம் ஊர் சுகாதார அறிவிப்புப் பலகைகளில் ஒரு வீங்கிய காலை வரைந்து, மலையாளத்தில் நாலு வரி எழுதுகிறார்கள். பெரியப்பா அதைத் தினமும் தாண்டிப் போனவர். தன் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் 1.5 கோடிக்கு மேல். இந்தப் புழுவால் விதை வீக்கம் வந்த ஆண்கள் 2.5 கோடி. கண்ணுக்குத் தெரிவதைவிடத் துணிக்குள் மறைந்திருப்பதுதான் அதிகம்.

எனவே கேட்கிறேன். பலகையில் விதை வீக்கத்தையும் தமிழில் எழுதுங்கள். வீடு வீடாக வரும் ஆஷா அக்காமார் மாத்திரை கொடுப்பதில் குறை வைப்பதில்லை, ஆனால் இந்தப் பேச்சை எங்கள் ஆண்கள் அவர்களிடம் எடுக்கமாட்டார்கள். கள் அளக்கும் நேரத்தில் தோப்புக்கே ஓர் ஆண் சுகாதார ஆய்வாளரை அனுப்புங்கள். புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் அதிகம் தெரிவது இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள். இரத்தப் பரிசோதனை முகாமை இரவில் வையுங்கள். மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும், ஆனால் பழைய வீக்கத்தை வற்றவைக்காது. அதற்கு அறுவை சிகிச்சைதான் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். எல்லா வீக்கமும் இந்தப் புழுவால் வருவதில்லை, குடலிறக்கமாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

நாள் குறித்துச் சொல்லுங்கள். எங்கள் தோப்பு ஆட்களை நானே கூட்டி வருகிறேன்.