சனிக்கிழமை மெட்ரோ பழக்கம்: வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள்

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் கூடுகிறோம். போர்ட் லூயிஸ் விக்டோரியா வரை மெட்ரோ, திரும்பி வர பஸ்.

மொரிசியஸில் முதியோருக்கு 2005 முதல் பஸ் இலவசம். ஆனாலும் பிள்ளைகள் காரில் கொண்டுவிட்டால்தான் நம் பெரியவர்கள் பலர் கோயிலுக்கே வருகிறார்கள். காசு அல்ல, பயம்தான். 2022-ல் கியூர்பிப் வரை மெட்ரோ வந்ததும் பழகிய வழியும் மாறிப்போயிற்று.

கூட வரும் பிள்ளைகளே, அட்டையை அவர்களே எடுத்துக் காட்டட்டும். நேரமாகும், ஆகட்டும். ரோஸ் ஹில்லில் மட்டும் நிதானம்: அங்கே ரெதுயி பக்கம் ஒரு கிளை பிரிகிறது. வண்டி எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். படிக்க வராதவர்கள் க்ரியோலில் கேட்கட்டும், யாரும் சொல்லுவார்கள். பஸ்ஸில் முன்கூட்டியே மணியடித்துவிட்டு, வண்டி நின்ற பிறகு எழுந்தால் போதும். ஓடும் பஸ்ஸில் எழுந்து நிற்பதுதான் ஆபத்து, அதைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்!

அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் மறக்க வேண்டாம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், துணைக்கு ஆள் வைக்கிறோம்.