மல்லிகாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பல் முளைத்து அவள் தாத்தாவின் விரலைக் கடித்த கதையைச் சிரித்துக்கொண்டே படித்தேன். உன் மாமனாரின் பார்க்கின்சன் வியாதியைப் பற்றி, அதுதான் அந்த நடுக்கு நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறாயே, மூளையில் கம்பி வைத்தால் பழையபடி நடந்துவிடுவாராமே என்று, அதற்கு போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கும் அதே நோய்தானே. இவருக்கு அதற்கான சிண்டோபா மாத்திரை நன்றாகவே கேட்டது. ஆனால் வருஷம் போகப் போக, போட்ட மாத்திரை இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பாதி போட்டிருப்பார், மீதிக்குக் கை வராது. டோஸைக் கூட்டினால் கை கால் தானாக முறுக்கிக்கொண்டு ஆடும். இப்படி இரண்டுக்கும் நடுவில் திண்டாடுகிறவர்களுக்குத்தான் இந்த டி.பி.எஸ்., அதாவது மூளைக்குள் கம்பி வைத்து, பேட்டரிப் பெட்டியிலிருந்து விடாமல் கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிற சிகிச்சை.

அது வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1987-ல் பிரான்ஸில், கிரனோபிள் நகரத்தில் பெனாபிட் என்ற டாக்டர், நடுக்கத்தை நிறுத்த மூளையில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழிக்கும் ஆபரேஷனில் இருந்தார். சுடுவதற்கு முன்னால், இடம் சரிதானா என்று கொஞ்சம் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். நொடிக்கு 100 துடிப்பு அளவுக்குக் கொண்டுபோனதும் நடுக்கம் நின்றுவிட்டது. அப்புறம் எதற்குச் சுட வேண்டும்? 2014-ல் அவருக்கும், நோயில் மூளையின் எந்தப் பகுதி மிதமிஞ்சி வேலை செய்கிறது என்று காட்டிய அமெரிக்கர் மாலன் டிலாங்குக்கும் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இவருடைய ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்தே மாத்திரை கிடையாது. தலையில் இரும்பு வளையத்தைத் திருகி மாட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, ஆளை விழித்திருக்க வைத்தே கம்பியை இறக்கினார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். கையை மூடித் திற, மாதங்களின் பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றார் இவர். பிறகு மயக்கம் கொடுத்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரிப் பெட்டியை வைத்தார்கள்.

பெட்டியை ஆன் பண்ணாமலே முதல் வாரம் நடுக்கம் குறைந்திருந்தது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். டாக்டர் அடக்கி வைத்தார்: கம்பி போன வழியில் இருக்கிற வீக்கத்தால் வந்தது, போய்விடும் என்றார். போய்விட்டது. அதற்குப் பிறகு பெட்டியை ஆன் பண்ணி, மாதக்கணக்கில் கரண்டை டியூனிங் செய்தார்கள். கொஞ்சம் கூட்டினால் விரல் நுனி ஜிவ்வென்று இழுக்கும், இன்னும் கூட்டினால் பேச்சு குழறும். நடுவில் ஒரு அளவைப் பிடிக்கப் பொறுமை வேண்டும். பிடித்த பிறகு நிஜமாகவே பெரிய விடுதலைதான். மாத்திரை பாதியாகக் குறைந்தது, முறுக்கல் அடங்கியது, தானே சவரம் செய்துகொள்கிறார்.

ஆனால் குரல் இறங்கிவிட்டது. போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்கிறார். நடுவில் கொஞ்ச நாள் ஒரே உற்சாகம், ராத்திரி 2 மணிக்கு எழுந்து ட்ரில் மெஷின் ஆர்டர் போடுவார். கரண்டைக் குறைத்ததும் அடங்கியது. இதுவும் தெரிந்த பக்க விளைவுதானாம். சிலருக்கு நேர்மாறாக, எதிலும் பிடிப்பில்லாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே மனநிலையைப் பரிசோதிக்கச் சொல். மூளையில் ரத்தக் கசிவு நூறில் ஓரிருவருக்கு வரலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். பெட்டி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், பிடித்தால் சில சமயம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று கேள். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர் இவர். ஆற்றுக்குப் போகவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். சூரிச் நகரத்தில், இந்தப் பெட்டி வைத்த பிறகு நன்றாக நீந்தத் தெரிந்த ஒன்பது பேருக்கு நீச்சலே வராமல் போனதாம். நடக்க முடிகிறது, நீந்த முடியவில்லை! ஏன் என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

முட்டிவலிக்கு டயாதெர்மி என்று மின் அலையால் சூடு கொடுப்பார்களே, அதை வைத்துக்கொள்வதும் கண்டிப்பாகக் கூடாது. அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்குப் போய் உயிரையே வாங்கியிருக்கிறது. பிசியோதெரபிக்குப் போனால் முதல் வார்த்தையாக நான் இதைத்தான் சொல்வேன்.

பேட்டரி சாதாரண வகை என்றால் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும், மறுபடி ஒரு சின்ன ஆபரேஷன். சார்ஜ் போடுகிற வகை இன்னும் ரொம்ப நாள் வரும், விலை அதிகம். இவர் சீரியல் பார்த்துக்கொண்டே நெஞ்சில் சார்ஜரை வைத்துக்கொள்வார்.

இனி உன் மாமனார் விஷயம். நடுக்கத்தைத் தவிர, மாத்திரைக்குக் கேட்காத எதுவும் பெட்டிக்கும் கேட்காது என்பது பொதுக் கணக்கு. மாத்திரை போட்டு நல்லபடியாக இருக்கும் நேரத்திலும் அவர் விழுகிறார், ஞாபகம் தவறுகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாபகக் குறைவு இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அது இன்னும் மோசமாவதும் உண்டு. நோய் உள்ளே வளர்வதை இது நிறுத்தாது. ஆனாலும் நான் சொல்வது முடிவல்ல. மாத்திரை இல்லாமல் ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை நடையையும் கையையும் அளந்து பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த ரிப்போர்ட் வரும்வரை நகையை அடகு வைக்கிற பேச்சே வேண்டாம்.

தைப்பொங்கலுக்கு மதுரை வருகிறோம். ரிப்போர்ட்டை எடுத்து வை, சேர்ந்து பார்ப்போம். அப்படியே அந்த நார்த்தங்காய் ஊறுகாயும்.

அன்புடன்,
சாரதா