கற்றுக்கொடுப்பவரே காவலும் காக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்காகப் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்கும் இந்த நாள்களில், ஆறு ஆண்டுகளாக உயிர்காப்பாளராகவும் நீச்சல் பயிற்சியாளராகவும் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றில் நீந்தப் பழகியவன் நான். நீந்தத் தெரிந்தால் கற்றுக்கொடுக்கவும் காப்பாற்றவும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் வாரத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் அதட்டினேன்; உண்மையில் அவளைவிட நான்தான் அதிகம் பயந்திருந்தேன். உடன் பணிபுரிந்த மூத்தவர் ஒருவர்தான் வழி காட்டினார்: காலை உதைக்கச் சொல்லாதே, முதலில் முகத்தை நீரில் வைத்து மூச்சைக் குமிழிகளாக விடச் சொல், பிறகு மல்லாந்து படுக்க வைத்துப் பின்தலையை இரண்டு விரல்களால் மட்டும் தாங்கு. பத்தாம் நாள் விரல்களை நான் எடுத்ததுகூடத் தெரியாமல் அவள் மிதந்தாள். பயிற்சியாளன் என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

காவல் பணியில் நம்பிக்கை வர இன்னும் நாளாயிற்று. மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சு விடவே வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவந்து போகும்போது கத்துவதற்கு இடமில்லை. கைகள் அசைத்து அழைக்காமல் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், உடல் செங்குத்தாக நிற்கும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே சத்தம் போட்டு விளையாடும் பிள்ளைகளைவிட அமைதியாகிவிட்ட பிள்ளையைத்தான் கண் தேட வேண்டும். உடனே குதிக்காமல் முதலில் கழியையோ மிதவையையோ நீட்ட வேண்டும் என்பதும், மூழ்கி மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்துவதற்கு முன்பே வாய்வழி மூச்சுக் கொடுக்க வேண்டும் என்பதும் படித்தால் மட்டும் வந்துவிடாது. மாதந்தோறும் பொம்மையை வைத்துச் செய்துசெய்து கை பழகிய பிறகே, காவல் நாற்காலியில் ஏறும்போது என் நெஞ்சு படபடப்பது நின்றது.

அப்படிச் சேர்த்த நம்பிக்கையை ஒரே மாலையில் இழந்தேன். முன்பு பணியாற்றிய ஒரு நீச்சல் குளத்தில், பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் குளம் முழுவதையும் கண்காணிப்பதும் என் ஒருவன் பொறுப்பு. ஒரு சிறுமியின் கையசைவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஆழப் பகுதிக்கு வழுக்கிச் சென்றான். கரையில் இருந்த ஒரு தாய் பார்த்துக் கத்தியதால் பிழைத்தான். பிறகு சில மாதங்கள் எந்தப் பிள்ளையின் தலையையும் என் கையிலிருந்து விடத் துணிவு வரவில்லை. குளத்தை நடத்தியவர்களோ, அடுத்த வாரமும் அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று அந்த அமைப்பே வலியுறுத்துகிறது; ஆனால் கற்றுக்கொள்ளும் இடமே ஆபத்தாகிவிடக் கூடாது. பாடம் நடத்துபவர் தம் முன்னால் இருக்கும் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும், காவலர் எந்த ஒரு பிள்ளையிடமும் பார்வையை நிறுத்தக் கூடாது. ஒருவரிடம் இரண்டையும் கேட்பது சிக்கனம் அன்று, அலட்சியம்.

கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிக்கும் பெற்றோர், பாடம் நடக்கும்போது கரையில் நின்று பார்ப்பவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். குளங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், வகுப்பு நேரத்தில் தனிக் காவலர் இருக்கிறாரா, மாதாந்தர மீட்புப் பயிற்சி நடக்கிறதா என்பதைப் பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிர்காப்பாளர்,
கோயம்புத்தூர்.