சூடான்: அழுத்தம் எந்த வாசலில்?

ஆசிரியருக்கு,

சூடான் பஞ்சம் குறித்த தலையங்கம் கண்டோம். உலக நாடுகள் அழுத்தம் தர வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் யார்மீது, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லாத அழுத்தத்தால் மேற்கிலுள்ள டார்ஃபூர் பகுதிக்கு ஒரு மூட்டைச் சோளம்கூடப் போய்ச் சேராது.

சாட் நாட்டு எல்லையில் உள்ள அட்ரேயைப் பாருங்கள். அங்கிருந்து மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனினா ஏறத்தாழ 30 கி.மீ.தான். 2023 முதல் சூடான் ராணுவத்தோடு போரிட்டுவரும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கு அவ்வழியே ஆயுதம் வருகிறது என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு அதை மூடியது. மாற்றாக அனுமதித்த டினே எல்லைச்சாவடி வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கிறது. மழை பிடித்ததும் காட்டாறுகள் பெருகி அந்தப் பாதை அறுந்தது. ஆகஸ்ட் 1 அன்று வடக்கு டார்ஃபூரின் சம்சம் அகதிகள் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதியானது. 14ஆம் தேதி ஜெனீவாவில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியபோது ராணுவம் வரவே இல்லை, போர்நிறுத்தமும் இல்லை. ஆனாலும் மறுநாளே அட்ரேயை மூன்று மாதம் திறக்க அரசு ஒப்புக்கொண்டது. குறிப்பிட்ட ஒரு கேட்டைத் திற என்று பல தலைநகரங்களும் ஒரே குரலில் கேட்டதால் கிடைத்த பலன் அது. அதற்குள் மழைக்காலத்தில் பாதி போய்விட்டிருந்தது.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி வேண்டுமென்றால் சோளம், பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்; மாதத்துக்குச் சுமார் 16 கிலோ. 30 டன் லாரி ஒன்று 1,900 பேருக்கு ஒரு மாதம் காணும். லட்சம் பேருக்கு 53 லாரி, அதுவும் மாதாமாதம். இருபது லாரி எல்லை தாண்டியதை வெற்றிச் செய்தியாக்குவோர் இந்த வகுத்தலையும் போட்டுப் பார்க்கலாம். முழுச் சோளத்தை அரைக்க மில்லுக்கு டீசல் வேண்டும். பல நிவாரணப் பட்டியல்களில் அது விட்டுப்போகிறது.

கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்குச் சோளக்கஞ்சி போதாது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி தரும் நிலக்கடலைப் பசைதான் மருந்து. ஒரு குழந்தை தேற ஆறு முதல் எட்டு வாரம், ஏறத்தாழ 150 பொட்டலம் கொண்ட ஒரு பெட்டி. நடுவில் வரத்து நின்றால் தேறிய எடை மறுபடி இறங்கும். கடலை விளையும் டார்ஃபூருக்கே கடலைப் பசையை இறக்குமதி செய்யவேண்டியிருப்பது தனிக் கொடுமை.

எல்லை தாண்டினாலும் வேலை முடியாது. அரசின் மனிதநேய உதவி ஆணையத்தின் பயண அனுமதி வேண்டும், ஆர்.எஸ்.எஃப். பகுதியில் அவர்களுடைய முகமையின் அனுமதி தனி. ஒன்றில் தேதி தாண்டினால் மற்றதாலும் பயனில்லை. எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு: 2025 ஜூனில் செங்கடல் துறைமுகமான போர்ட் சூடானிலிருந்து 1,800 கி.மீ.க்கு மேல் வந்த 15 ஐ.நா. லாரிகள், வடக்கு டார்ஃபூர் தலைநகர் எல் ஃபாஷருக்கு 80 கி.மீ. இருக்கையில் அல் கோமாவில் தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தனர். இரு தரப்புக்கும் வழித்தடம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. எல் ஃபாஷரை ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டதை நிறுத்தக் கோரிய ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் (2736) அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே நிறைவேறியிருந்தது. 2025 அக்டோபரில் நகரமே ஆர்.எஸ்.எஃப். வசம் வீழ்ந்தது. தீர்மானத்தை மீறியவர்களுக்கும் அவர்களுக்கு ஆயுதம் தருவோருக்கும் எந்த விலையும் இல்லை என்றால் வேறென்ன நடக்கும்?

ஆகவே கேட்பதை இப்படிக் கேட்க வேண்டும்: அட்ரேயைத் தவணை தவணையாக அல்லாமல் காலவரையின்றித் திறந்து வைப்பது, ஆயுதம் வரும் என்ற அச்சத்தைப் போக்க, சிரியா எல்லையில் செய்ததுபோல ஐ.நா. ஆய்வாளர்கள் சரக்கைச் சோதித்து முத்திரையிடுவது. லாரிக்கு லாரி அல்லாமல் மாதத்துக்கு ஒரே அனுமதி. ஊர்க்காரர்கள் நடத்தும் ‘தகாயா’ சமையற்கூடங்களுக்கு நேரடிப் பணம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது அவற்றில் நூற்றுக்கணக்கானவை மூடின. லாரி போகமுடியாத இடத்தில் சோறு போட்டவர்கள் அவர்களே.

ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் தருவதாக ஐக்கிய அரபு அமீரகம் மீது குற்றச்சாட்டு உண்டு, அது மறுக்கிறது. ராணுவத்துக்கு எகிப்து பக்கபலம். அபுதாபி, கெய்ரோ இரண்டிடமும் நன்றாகப் பேசக்கூடிய நாடு இந்தியா. 2023இல் ‘ஆபரேஷன் காவேரி’யில் நம்மவர்களைக் கப்பலேற்றிய அதே போர்ட் சூடானில்தான் அந்த அனுமதிகள் முடங்கிக் கிடந்தன. பொத்தாம்பொதுவாகக் ‘கவலை’ தெரிவிப்பதை விட்டு, மேற்கண்ட நான்கையும் தேதி குறித்து டெல்லி கேட்கட்டும். நம் தொகுதி எம்.பி.க்கள் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பட்டும்.

– நிவாரணச் சரக்குப் பணியாளர்கள் சிலர், சென்னை