பொருள்: ‘சாகாதவன்’ அட்டையில் பிழை, பொம்மையில் உடைந்த வாள் – மாற்றித் தரக் கோருதல்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

சென்ற மாதம் 2,499 ரூபாய் கட்டி, நீங்கள் தமிழில் வெளியிட்டிருக்கும், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டுப் பெட்டியை வாங்கினேன். விதிப் புத்தகம், அட்டைகள், பகடைகள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. தகராறு ஒரே ஓர் ஆளால்: செத்த பிறகும் வாளோடு எழுந்து வரும் அந்த எலும்புக்கூட்டு வீரன்.

முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்காகப் பங்காளிகள் கூடியிருந்தோம். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு அன்றைக்கு நிறைந்திருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அண்ணன் பிள்ளைகள் நாலு பேரை வீட்டு நடுவே இருக்கும் வளவில் உட்கார வைத்தேன். ஆட்டத்தை நடத்துபவன் நான். கட்டம் போட்ட விரிப்பை எடுக்கவே இல்லை. கீழே ஆத்தங்குடிக் கல் இருக்கும்போது அது எதற்கு? ஒரு கல் ஐந்தடி என்று வைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் முதல் நிலைப் பாத்திரம், ஆளுக்குப் பத்து உயிர்ப்புள்ளி.

அட்டையில் அந்த வீரனுக்குக் கவச எண் (அவன் மேல் அடி பட எட்ட வேண்டிய எண்) 16, உயிர்ப்புள்ளி 180. பிள்ளைகள் இருபது முகப் பகடையை உருட்டி அதோடு 5 கூட்ட வேண்டும். ஆக, 11-ம் அதற்கு மேலும் விழுந்தால்தான் அடி படும், பாதிக்குப் பாதி. பட்டால் சராசரி ஏழரைப் புள்ளி. நாலு பேரும் சேர்ந்து சுற்றுக்குப் பதினைந்து என்றால், அவனைச் சாய்க்கப் பன்னிரண்டு சுற்று ஆகும். அவனோ சுற்றுக்கு இரண்டு வீச்சு வீசுகிறான், ஒவ்வொன்றும் சராசரி 11. மூன்றாவது சுற்றிலேயே கதை முடிந்துவிட்டது. சின்னவள் பகடையைத் தூணோரம் வீசிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் விதிப் புத்தகத்தைப் புரட்டினால், 23-ஆம் பக்கத்தில் அதே வீரனுக்கு 18 புள்ளி! ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கிறது. 18 என்றால் இரண்டு சுற்றில் முடிய வேண்டிய சண்டை.

அதே பக்கத்தில், மழுங்கிய ஆயுதத்தால் அடித்தால் இவனுக்கு இருமடங்கு சேதம் என்றும் இருக்கிறது. நியாயம்தான், வாளால் வெட்டச் சதை வேண்டும், எலும்பை நொறுக்கத்தான் வேண்டும். பெரியவன் கையில் இருந்தது தண்டாயுதம். அட்டையில் அந்த வரியே இல்லாததால் அவன் அடித்த அடியெல்லாம் பாதிக் கணக்கில் போனது. சின்னவள் பூசாரிப் பாத்திரம். இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தபோதே, பூசாரி தெய்வ பலத்தால் இப்படிப்பட்டவர்களை விரட்டலாம் என்ற விதி இருந்தது. உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. அட்டையில் மட்டும் இல்லை. அவள் தன் வேலாயுதத்தைத் தூக்கிக் காட்டியபோது, “அப்படி ஒன்றும் போடவில்லையே” என்று சொன்ன பாவம் எனக்கு. அப்புறம், கதைக் குறிப்பில் அவன் “ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சே இல்லாதவனுக்கு என்ன உறக்கம்?

பெயரையும் சொல்லியாக வேண்டும். அட்டையின் தலைப்பு ‘சாகாதவன்’. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்கள்: “சாகாதவன்னா மார்க்கண்டேயன்ல? இவன்தான் செத்துட்டானேடா.” என்னிடம் பதில் இல்லை. பிணத்துக்குள் புகுந்து பேசும் வேதாளம் நம் கதையில் இருக்கிறது. போர்க்களத்தில் தலையில்லாமல் ஆடும் கவந்தம் பரணியில் இருக்கிறது. இவ்வளவு வைத்துக்கொண்டு அகராதியைப் பார்த்து ஒரு சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். ‘செத்தும் அடங்காதவன்’ என்று போட்டிருந்தால் அப்பத்தாவே ஒரு பாத்திரம் எடுத்து ஆடியிருப்பார்கள்.

பொம்மையின் நிலையும் அதேதான். மெல்லிய பிளாஸ்டிக் பையில், பஞ்சுகூட வைக்காமல் வந்தது. வலது மணிக்கட்டோடு வாள் ஒடிந்து பையின் மூலையில் கிடந்தது. பசை போட்டு ஒட்டினேன். இப்போது வாள் தரையைப் பார்த்துத் தொங்குகிறது, கரும்பு வெட்டக் கிளம்பியவன் மாதிரி.

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தால், “நடத்துபவர் விருப்பப்படி எண்களை மாற்றிக்கொள்ளலாம் சார்” என்கிறார்கள். அந்த உரிமை எனக்கு உண்டு என்பது தெரியும். மெஸ்ஸில் குழம்பு உப்புக் கரித்தால், தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றா சொல்வார்கள்? பிழை என்று தெரிந்தால்தானே மாற்றுவேன்?

பெட்டியைத் திருப்பி அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. திருத்திய அட்டையும், ஒடியாத பொம்மை ஒன்றும் உங்கள் செலவில் 15 நாளுக்குள் வந்து சேர வேண்டும். ஏற்கெனவே வாங்கிய மற்றவர்களுக்கும் இந்தத் திருத்தத்தைத் தெரிவியுங்கள். வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிவகங்கை இங்கிருந்து ஒன்றும் தொலைவில்லை.

பில் நகலும், அட்டை, 23-ஆம் பக்கம், ஒடிந்த வாள் ஆகியவற்றின் படங்களும் இத்துடன் உள்ளன. பொங்கல் லீவுக்குப் பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். சின்னவள் இப்போதே தண்டாயுதம்தான் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்